தனுஷ்கோடியில் ஒரு விடியற்காலை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"ஏதாவது ஒரு பயணத்தைப் பற்றிப் பேசுங்க, ஆனா சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வெளிநாடு போய்வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் வகுப்புத் தோழர் ஒருவர் மெக்சிகோவில் டுலும் என்ற இடத்துக்கு அதிகாலையில் போய் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். கரீபியன் கடலோரம், 12 மீட்டர் உயரப் பாறையின் மேல், மாயா மக்கள் கட்டிய மதில் சூழ்ந்த நகரம் அது. சூரியன் உதிக்கும் கிழக்குத் திசையில் கடல். அந்த ஊரின் பழைய பெயருக்கே 'விடியல்' என்றுதான் பொருள் சொல்கிறார்கள். நான் ஓவேலிக்காரன். மெக்சிகோவுக்குப் போக வசதியில்லை. ஆனால் கடலோரத்தில் இடிந்து கிடக்கும் ஓர் ஊரை விடியற்காலையில் பார்க்கணும்னா நமக்குத் தனுஷ்கோடி இருக்கிறதே!

கூடலூர் மலையில் இருப்பவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஓவேலியில் பாதி வீட்டில் இதற்குப் பதில் கிடைக்கும். எங்கள் முன்னோர் தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போனவர்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். சுமார் 30 கிலோமீட்டர் கடல், அவ்வளவுதான். போகிற வழியில் மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அதுதான் பிறகு 'டான்டீ' ஆனது.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவு, புயல். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது, உள்ளே இருந்த 100-க்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஊரும் போனது. மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. போனவர்கள் போன வழி, திரும்பி வருவதற்கு இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். என் அம்மாயியும் அப்படித்தான் வந்தார்கள்.

அம்மாயிக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு திருவிழாவுக்காகத் தனுஷ்கோடி வழியாகச் சொந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள். "ஒரு தடவை அந்த இடத்தைக் காட்டுடா சாமி" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கூட்டிப்போனேன். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ரோடு போட்டுவிட்டதால் கார் போகிறது. முன்பெல்லாம் மணலில் ஜீப்பும் வேனும்தான். இருட்டில் உள்ளே விடமாட்டார்கள். செக்போஸ்ட் திறந்தவுடன் முதல் வண்டி எங்களுடையது. ஒரு பக்கம் சத்தமே இல்லாத பெண் கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண் கடல், நடுவில் ரோடு.

கூரையில்லாத மாதா கோவில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். கை வைத்தால் பொரபொரவென்று துளைகள் தெரியும். சுண்ணாம்புச் சாந்து. சிமெண்டும் கம்பியும் இருந்திருந்தால் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து வெடித்திருக்கும். அறுபது வருடம் தாண்டியும் இந்தச் சுவர் பாதியாவது நிற்கிறது. ரயில் நிலையத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம் சுவர்தான். அம்மாயி அதன் பக்கத்தில் நின்று, "இங்கனதான் கஸ்டம்ஸ்காரன் எங்க தகரப்பெட்டியத் திறந்து எல்லாத்தையும் கொட்டினான்" என்றார்கள். டுலும் கற்களிடம் யாரும் இப்படிப் போய் அடையாளம் சொல்ல முடியாது. தனுஷ்கோடியில் இன்னும் சில வருடங்களுக்கு முடியும். அதற்குள் கேட்டு எழுதி வையுங்கள், தம்பிகளே.

அங்கே இன்னொரு ஆச்சரியம் குடிநீர். மீனவப் பெண்கள் மணலில் சின்ன ஊற்று தோண்டிக் கிண்ணத்தால் மொண்டு எடுக்கிறார்கள். நல்ல தண்ணீர்! இரண்டு பக்கமும் கடல் இருக்கும்போது இது எப்படி? கடல்நீர், மழைநீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். அதனால் மணலுக்குள் மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி வரை இருக்கலாம் என்பது கணக்கு. மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். கிண்ணத்தால் மொள்ளும் வரை பிரச்சினை இல்லை. நாம் நான்காம் வருடத்தில் படித்ததை அந்தம்மா கையாலேயே செய்கிறார்கள்.

பாம்பன் பாலத்தின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே புயலில் கர்டர்கள் கடலுக்குள் போயின. சரிசெய்ய ஆறு மாதம் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். பொறுப்பேற்ற இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். அப்போது அவருக்கு 32 வயது, ஏறக்குறைய என் வயது. ஆனால் தனுஷ்கோடியை யாரும் மறுபடி கட்டவில்லை. அது சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நிற்கிற இடம் தாங்கவில்லை என்றால் பயனில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு என் மலைதான் ஞாபகம் வருகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30-ல் எங்களுக்கு அடுத்த வயநாட்டில், முண்டக்கை, சூரல்மலையில், 200-க்கும் மேற்பட்டோர். அதிலும் தோட்டத் தொழிலாளர்கள் நிறைய. 'ஆபத்தான இடம், காலி செய்' என்று சொல்வது சுலபம். ஓவேலியில் பலருக்கு வேறு இடம் எங்கே? 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலத்துக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை, வரைபட அனுமதி இல்லை. அப்புறம் சரிவை வெட்டி, கைக்கு வந்தபடி வீடு கட்டுவதுதான் மிச்சம். பட்டா விஷயம் அரசும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டியது. நம்மால் முடிந்தது வேறு இருக்கிறது.

தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா? கூரைத் தண்ணீர் சரிவு மண்ணில் விழுகிறதா, வாய்க்காலில் போகிறதா? வீட்டுக்கு மேலே மண்ணில் புது வெடிப்பு விழுந்திருக்கிறதா? மரம் சாய்கிறதா? தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குகிறதா? இந்த ஐந்து கேள்விக்குப் பதில் பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். படித்த கண் போதும். சிவில் படித்த முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர், மே மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால், தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே நூறு வீட்டைப் பார்த்துவிடலாம். தம்பி, தங்கைகள் கூட வந்து குறிப்பெடுக்கட்டும். சாப்பாடும் தங்க இடமும் எங்கள் ஊர் பொறுப்பு. டீக்குக் குறைவே இருக்காது!

சங்கத் தலைவர் அவர்கள் இதை இன்றைய செயற்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிறவர்கள் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். முதல் பெயர் நான் எழுதிவிட்டேன்.