கிங்குக்கு மாலை போதாது



ஆண்டுதோறும் ஜனவரி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமையை விடுமுறையாக்கி, வீதிகளுக்கு நாமம் சூட்டி, மார்ட்டின் லூதர் கிங்கைக் கொண்டாடுகிறது இந்த அமெரிக்க தேசம். அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், உலகமெல்லாம் போற்றிய அந்த நோபல் பரிசாளர், 1966 ஜனவரியில் இதே சிகாகோ நகரத்து நார்த் லான்டேலில், தாழ்ப்பாளில்லாத வாசற்கதவும் மூத்திர நாற்றமும் கொண்ட கட்டடம் ஒன்றின் மாடியில், மாதம் 90 டாலர் வாடகைக்கு, மனைவி கொரெட்டாவுடன் எதற்காகக் குடியேறினார் என்பதை இவ்விழாக்களில் எத்தனை பேர் எடுத்துரைக்கிறார்கள்?

அன்று கையில் பணமிருந்தும் கறுப்பின மக்களுக்கு வேறு பேட்டைகளில் வீடு கிடைக்கவில்லை. அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு 1930களிலேயே அரசாங்க நிறுவனமொன்று வரைபடத்தில் சிவப்பு வண்ணம் தீட்டி, ஆபத்தான இடமென்று முத்திரை குத்திவிட்டது. வங்கிக் கடன் மறுக்கப்பட்டவர்கள் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவன் கையிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினால் வீடும் போயிற்று, அதுவரை கட்டிய பணமும் போயிற்று. சட்டத்தின் பெயரால் நடந்த கொள்ளை அது!

இந்த அநீதியை எதிர்த்து 1966 ஆகஸ்டு 5ஆம் தேதி சிகாகோவின் மார்க்கெட் பார்க் பகுதியில் ஊர்வலம் சென்ற கிங்கின் தலையில் கல் விழுந்தது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலுங்கூட இத்தகைய துவேஷத்தைக் கண்டதில்லை என்று அவரே சொன்னார்.

நியாயமான குடியிருப்புக்கான மசோதா 1966இலும் 1967இலும் மடிந்தது. 1968 மார்ச்சில் செனட் சபை ஏற்ற பின்னரும் பிரதிநிதிகள் சபையில் இழுபறியாய்க் கிடந்தது. ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் அந்த உத்தமர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, ஏழே நாளில் ஜனாதிபதி ஜான்சனின் கையொப்பம் பெற்றது. உயிரைக் காவு வாங்கிப் பிறந்த அந்தச் சட்டமும், மத்திய வீட்டு வசதி இலாகாவுக்குச் சமரசம் பேசும் அதிகாரத்தை மட்டுமே அளித்தது. தண்டனைக்கு வழி செய்யும் வலிமை 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. ஏழைகளுக்கு அரசு தரும் வாடகை உதவிச் சீட்டை ஏற்க மறுக்கும் வீட்டுக்காரரை, தேசம் முழுமைக்குமான சட்டம் இன்றளவும் பொதுவாகத் தடுப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்காத அரசியல்வாதி கிங்கின் சிலைக்கு மாலையிட என்ன அருகதை உடையவர்?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். பிறந்த தேசத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்கலாகாது என்று அந்தச் சட்டம் சொல்வதால், அதன் நிழலில்தான் தமிழராகிய நாமும் இந்நாட்டில் குடியிருக்கிறோம். அப்படியிருக்க, வீடு தேடும் போது "அந்தப் பக்கம் வேண்டாம்" என்று நம் வீட்டுக் கூடத்தில் நாமே பேசுவதும், வாடகைக்கு விடும்போது குடிவருபவரின் நிறத்தைப் பார்ப்பதும் பெரும் துரோகம்.

கிங் குடியிருந்த கட்டடம் நின்ற இடத்தில் 2011இல் 45 குடும்பங்களுக்கான குடியிருப்பு எழுந்தது. போய்ப் பாருங்கள். வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்கள், தகுதியுள்ள எவர் வந்து கேட்டாலும் நிறம் பாராமல் சாவியைக் கொடுங்கள். வாக்கு கேட்டு வருபவரிடம், உதவிச் சீட்டை மறுப்பதைத் தடுக்கும் மசோதாவை ஆதரிப்பாயா என்று கேட்டு, பதிலைப் பெற்ற பின்பே வாக்களியுங்கள்.