புழுதிக்கும் ஊர் வேறு, சேரி வேறு

(வேப்பனப்பள்ளியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெருநகரங்களில் காற்று ஏன் இப்படிக் கெட்டுப்போனது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகளே பதில் சொல்வார்கள். வாகனப் புகை, அனல்மின் நிலையம், தொழிற்சாலை, குப்பை எரிப்பு, டீசல் ஜெனரேட்டர், கட்டுமானத் தூசி. பதில் சரிதான். ஆனால் இவற்றால் லாபம் பார்ப்பவர் யார், மூச்சுத் திணறுபவர் யார் என்பது எந்தப் பாடத்திலும் வராது. அதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

பெங்களூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. மாடிக்கு மேல் மாடி எழும்புகிறது. அந்த மாடிகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்தும் போகின்றன. பாறைக்கு வெடி வைப்பது இங்கே. கிரஷரில் அரைப்பது இங்கே. டிப்பர் லாரி தார்ப்பாய் மூடாமல் பறப்பது நம் பிள்ளைகள் நடக்கும் சாலையில். கட்டடம் அங்கே நிற்கிறது. அதன் புழுதியில் முதல் பங்கு இங்கேயே இறங்கிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரிகிற புழுதியைவிடத் தெரியாத துகள்தான் ஆபத்து. 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள் நுரையீரலின் ஆழம்வரை போய் ரத்தத்திலும் கலக்கும். ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக இது 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்திய அரசு வைத்திருக்கும் வரம்பு 40.

கல்லுடைக்கும் தொழிலாளிக்கு இதோடு சிலிக்காத் தூசியும் சேர்கிறது. அதனால் வரும் சிலிகோசிஸ், குணமாக்க முடியாத நோய். சட்டப்படி அது அறிவிக்கப்பட்ட தொழில்நோய். ஆனால் பதிவேட்டில் பெயரே ஏறாத ஒப்பந்தக் கூலி, எங்கே வேலை பார்த்து இந்த நோய் வந்தது என்று எப்படி நிரூபிப்பார்? காசநோய் என்று நினைத்து மருந்து கொடுப்பதும் நாடெங்கும் நடக்கிறது.

1996-இல் உச்ச நீதிமன்றம் 168 அபாயகரமான தொழிற்சாலைகளை டெல்லியைவிட்டு வெளியேறச் சொன்னது. நகரத்துக்குத் தெரிந்த வைத்தியம் இதுதான்: வெளியே தள்ளு! சென்னையின் குப்பை கொடுங்கையூருக்கு, மின்சாரத்துக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை எண்ணூருக்கு. தீட்டு என்று சொல்லி நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம், தான் உண்டாக்கிய நிஜமான மாசையும் அதே திசையில்தான் தள்ளுகிறது. விடிவதற்கு முன் நகரத்துச் சாலையைக் கூட்டி அந்தத் தூசியை முதலில் விழுங்கும் தூய்மைப் பணியாளர்கள் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள்?

2019-இல் ஒன்றிய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. ஓசூரே அதில் இல்லை, வேப்பனப்பள்ளிக்கு எங்கே இடம்? அந்தத் திட்டத்தில் செலவான பணத்தில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்கே போனது, தொழிற்சாலை மாசுக்கு ஒரு விழுக்காடுகூடப் போகவில்லை என்று டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குக் காட்டியது.

குவாரியை மூடினால் சோறு யார் போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலையும் வேண்டும், நுரையீரலும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கிரஷரைத் தகரம் போட்டு மூடட்டும், தண்ணீர் தெளிக்கட்டும், லாரிக்குத் தார்ப்பாய் கட்டட்டும். ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும். ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கட்டும். காற்றை அளக்கும் கருவியைச் சேரிக்குப் பக்கத்தில் வைக்கட்டும். இதில் புழுதியைக் கட்டுப்படுத்த வைக்கும் அதிகாரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டமே கொடுத்திருக்கிறது.

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் என்று கிராம சபை கூடுகிறது. அடுத்த சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போவோம். பதிவேட்டில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

ஜெய் பீம்.