ஒரு விரற்கடை எலும்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பாலங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் பிழைப்பு அதுதான். ஆனால் சென்ற ஆண்டு முழுக்க என் மனத்தில் ஓடியது சித்தப்பாவின் கீழ்த்தாடை எலும்பு. அதைப் பற்றிப் பேச அனுமதிக்க வேண்டுகிறேன்.

சித்தப்பாவுக்குத் திருவையாற்றுப் பக்கம் விவசாயம். நம்ம ஜில்லாவில் வெற்றிலைப் பெட்டி இல்லாத வீடு ஏது? கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, அதோடு ஒரு கிள்ளு புகையிலை. நாற்பது வருஷமாக அதை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் வயலில் இறங்குவார். குறுவை அறுப்பு சமயத்தில் அதே இடத்தில் ஒரு புண் வந்தது. "சூடு தம்பி, தானா ஆறிடும்" என்றார். அறுப்பு முடியட்டும் என்றார். பிறகு தாளடி நடவு, பிறகு மழை. பொங்கல் கழிந்துதான் சென்னைக்கு அழைத்துப் போனோம். நாலு மாதம் ஓடிவிட்டது.

சதையைக் கிள்ளிச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "கட்டியை எடுத்தாகணும், அதுல குழப்பம் இல்லை. அடியில இருக்கிற தாடை எலும்பை எவ்வளவு எடுக்கிறதுங்கிறதுதான் கேள்வி."

வழி இரண்டு. பல் முளைக்கும் மேல் விளிம்பை மட்டும் சீவியெடுத்து, கீழ் விளிம்பை விட்டுவைப்பது ஒன்று. அந்த இடத்து எலும்பை முழுத் துண்டாக அறுத்து எடுப்பது இன்னொன்று. முதல் வழியில் முகத்தின் அமைப்பு அப்படியே இருக்கும். இரண்டாவதில் தாடையின் தொடர்ச்சி அறுந்துபோகும்.

நான் இஞ்சினியர் அல்லவா, சும்மா இருப்பேனா? "டாக்டர், சந்தேகம் இருந்தால் நாங்கள் கம்பியும் கான்கிரீட்டும் கூடுதலாகப் போடுவோம். நீங்களும் பாதுகாப்புக்குக் கூடுதலாகவே எடுத்துவிடுங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க கூடுதலா சேர்க்கிறீங்க சார். நான் கூடுதலா எடுக்கணும். ரெண்டும் ஒண்ணா?"

ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்களாம். வாய்ப் புற்று, எலும்பைப் போர்த்தியுள்ள சவ்வின் நிணநீர்க் குழாய்கள் வழியாகப் பரவும் என்று நம்பியதால், நல்ல தாடையையும் சேர்த்து வெட்டினார்கள். அமெரிக்காவில் மார்செட்டா குழுவினர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தளர்த்தியது. கட்டி எலும்பை நேராக முட்டித்தான் உள்ளே நுழைகிறது என்று தெரிந்த பிறகு, தாடையைக் காப்பாற்றும் முறை வலுப்பெற்றது.

சரி, நுழைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எக்ஸ்ரேயை முழுசாக நம்ப முடியாது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து கணிசமாகக் கரைந்த பிறகுதான் அதில் நிழல் தட்டும். சி.டி. ஸ்கேன் இன்னும் நன்றாகக் காட்டும், அதிலும் சின்ன அரிப்பு தப்பிவிடலாம். அறுவையின் நடுவே சதை ஓரத்தை உறைய வைத்து அரை மணியில் சோதித்துவிடலாம். எலும்பை அப்படிச் சோதிக்க முடியாது. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்த பிறகே மெல்லியதாகச் சீவ முடியும். அதற்கு நாள் கணக்காகும். அதற்குள் நோயாளி வார்டுக்கே வந்துவிடுவார்.

அடுத்து அவர் சொன்னது எனக்கு நம் கல்லூரி வகுப்பறையை நினைவூட்டியது. மேல் விளிம்பைச் சீவினால் கீழே குறைந்தது ஒரு சென்டிமீட்டர் எலும்பாவது மிஞ்ச வேண்டுமாம். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு விரற்கடைக்கும் குறைவு. அதற்கும் கீழே போனால் மெல்லும்போதே முறிந்துவிடலாம். உத்தரத்தின் உயரம் பாதியானால் வளைவைத் தாங்கும் வலிமை கால் பங்காகும் என்று இதே கட்டடத்தில்தானே படித்தோம்! வெட்டின் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைவாகச் சீவுவார்களாம், கூர்மூலையில் விரிசல் கிளம்பும் என்பதால். அதுவும் நம் பாடம்தான்.

பல் விழுந்த தாடை வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து உயரம் குறையும். சித்தப்பாவுக்கு அந்தப் பக்கம் கடைவாய்ப் பல் இல்லை. சீவினால் மிஞ்சுவதே சொற்பம். ஆகவே இரண்டு முறைக்கும் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு, "கடைசி முடிவு மேசையிலதான்" என்றார் டாக்டர்.

மேசையில் சவ்வை நீக்கிப் பார்த்தபோது எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. துண்டாகவே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதை, அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, டைட்டானியம் தகட்டில் பொருத்தி, கழுத்துக் குழாய்களோடு நுண்ணோக்கியில் பார்த்துத் தைத்தார்கள். இப்படித் தாடையைச் சீரமைக்கும் முறையை நியூயார்க் மருத்துவர் ஹிடால்கோ 1989-இல் வெளியிட்டார். எலும்பின் சோதனை முடிவு வரப் பத்து நாள் காத்திருந்தோம். ஓரங்கள் சுத்தம் என்று வந்தது. பிறகு கதிர்வீச்சு. இன்று சித்தப்பா பேசுகிறார், குழைந்த சோறு சாப்பிடுகிறார். முறுக்கைக் கையில் வாங்கிப் பேரனிடம் கொடுத்துவிடுகிறார்.

புறப்படும் முன் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். "நாலு மாசம் முந்தி வந்திருந்தா?" "சீவலோட முடிஞ்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது சார்" என்றார். ஆக, எவ்வளவு எலும்பு என்கிற கணக்கில் ஒரு பகுதியை நாங்களே திருவையாற்றில் போட்டுவிட்டோம். படித்தவன் நான் ஒருவன் அந்த வீட்டில். போனில் பேசும்போதெல்லாம் "புண் எப்படி சித்தப்பா?" என்று கேட்டதோடு சரி. பஸ் ஏறி வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

தம்பி தங்கைகளே, 2022-இல் இந்தியாவில் புதிதாக வாய்ப் புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர் என்று உலக மதிப்பீடு சொல்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் முடிவு வந்தது. டார்ச் விளக்கு உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால், வெற்றிலை போடும் பெரியவர்களின் வாயைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்பு, வாய் திறக்கச் சிரமம், இதில் எது இருந்தாலும் அடுத்த பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அறுப்பு காத்திருக்கும்.