களத்துமேட்டில் கண்ணைக் காத்தல்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)

  

கடனையும் தவணையையும் பற்றியே பேசி வரும் நான் இன்று கண்ணைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். சங்கம் கடன் கொடுப்பது நிலத்தின்பேரிலும் நகையின்பேரிலுமாயினும், அதைத் திருப்பிச் செலுத்துவது உழவனுடைய உழைப்பே. அவ்வுழைப்புக்குக் கண்ணே முதல். கண் கெட்டால் கணக்கும் கெடும்.

மதுரை என்றதும் கண் வைத்தியம் நினைவுக்கு வருவது இயல்பு. 1976-ம் வருஷத்தில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் இந்நகரில் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை இன்று உலகப் பிரசித்தி பெற்றுள்ளது. புரை விழுந்த கண்ணைச் சஸ்திர சிகிச்சையால் தெளிவாக்கலாம் என்பதை நம் பாட்டிமாரும் அறிவர். ஆனால் கண்ணில் 'பூ' விழுந்தால் அவ்வளவு எளிதில் தீராது. கருவிழியின் முன்புறத்தில் கண்ணாடிபோல் அமைந்துள்ள பாகத்தில் புண் உண்டாகி ஆறிய தழும்பே அந்தப் பூவாகும். இறந்தோர் தானமளித்த கண்ணிலிருந்து அப்பாகத்தை எடுத்துப் பொருத்துவது உண்டு. அது எல்லோருக்கும் பலிப்பதில்லை.

இப்புண் எவ்வாறு வருகிறது? 1994-ம் வருஷம் ஜனவரி முதல் மார்ச்சு முடிய மூன்றே மாதங்களில், இத்தகைய புண்ணுடன் மதுரை அரவிந்த் வைத்தியசாலைக்கு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 65 பேர் முன்னதாகக் கண்ணில் காயம் பட்டவர்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சணமே காரணமாயிருந்தது. நெல்லின் சுணையோ, சோளத் தட்டையின் நுனியோ, தூற்றும்போது பறக்கும் தூசியோ கண்ணைக் கீறுகிறது. வைக்கோலிலும் மண்ணிலும் உள்ள பூஞ்சணம் அக்கீறலின் வழியே உட்புகுகிறது. முதல் நாள் உறுத்தல் மட்டுமே இருப்பதால், "தானே சரியாய்விடும்" என்று இருந்துவிடுகிறோம். சில நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, வெள்ளைப் புள்ளி தோன்றுகிறது.

இதைத் தடுக்கலாம் என்பதற்கு நேபாள தேசத்துப் பக்தபூர் ஜில்லாவே சாக்ஷி. அங்கே 1991 முதல் 1993 வரை, பயிற்சி பெற்ற கிராம ஊழியர்கள் கண்ணில் கீறல் பட்ட 442 பேருக்குக் கிருமிநாசினிக் களிம்பு இட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 18 மணிக்குமேல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு உண்டாயிற்று. அதற்கும் பிந்தி, 48 மணிக்குள் வந்த 49 பேரிலோ 14 பேருக்கு உண்டாயிற்று. ஒரு நாள் தாமதத்தின் வட்டி எவ்வளவு கடுமையானது, பாருங்கள்!

ஆகவே கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான நீரால் கழுவுங்கள். துணி முனையாலோ நாக்காலோ எடுக்க முயலாதீர்கள். தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையும் விடவேண்டாம். ஸ்டீராய்டு கலந்த மருந்து பூஞ்சணத்தை வளர்த்துவிடும். எந்தக் களிம்பு தகும் என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். அன்றைய தினமே அரசாங்க வைத்தியசாலைக்கோ கண் வைத்தியரிடமோ செல்லுங்கள்.

நமது சங்கம் செய்யக்கூடியவை மூன்று உண்டு. கதிரடிக்கும் யந்திரத்தருகே நிற்பவர்களுக்கும் தூற்றுபவர்களுக்கும் காப்புக் கண்ணாடி வாங்கி வைக்கலாம். அருகிலுள்ள கண் வைத்தியரின் விலாசத்தைச் சங்கப் பலகையில் எழுதலாம். காயம் பட்ட கூலியாளுக்கு அன்றைய பஸ் செலவுக்குப் பணமில்லையென்று சிகிச்சை நில்லாதபடி, அங்கத்தினர்கள் சிறு தொகை சேர்த்துக் காரியதரிசியிடம் வைக்கலாம். கூலி போய்விடுமே என்ற அச்சத்தால் அவன் களத்தைவிட்டு நகரமாட்டான். அந்த அரை நாள் கூலியைப் பிடியாதிருப்பது நிலமுடையோர் கடமை.

அறுவடை நெருங்கிவிட்டது. இம்மூன்றையும் தீர்மானமாக எழுதி, இக்கூட்டம் கலையுமுன் நிறைவேற்றும்படி வேண்டிக்கொண்டு என் பேச்சை முடிக்கிறேன்.