எண்கள் இசையாகும் இடம்

தொழிலின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய தமிழர்களுக்கு இசை என்பது வெறும் பொழுதுபோக்கன்று; பிறந்த மண்ணோடு தொடர்பு அறாமல் காக்கும் ஒரு வழியும் ஆகும். 1952-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சியைக் கேட்பதற்காக வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. இன்று அந்தப் பெட்டி இருந்த இடத்தில் பெரும்பாலும் கணினி இருக்கிறது. சென்னையில் மார்கழிக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே தில்லி இராமகிருஷ்ணபுரத்திலும் மும்பை மாதுங்காவிலும் அதைக் கேட்க முடிகிறது. நம் குழந்தைகள் பலர் தமிழ்நாட்டில் உள்ள ஆசிரியரிடம் கணினி வழியாகவே பாட்டுக் கற்கிறார்கள்.

வசதி பெருகியது உண்மை. எனினும் தம்புராவின் நாதத்துக்குப் பின்னால் ஓர் இரைச்சலும், அடியில் ஓர் உறுமலும் கேட்பதாகக் குறைப்படுவோர் பலர். கடையில் கேட்டால், விலையுயர்ந்த ஒலி அட்டை வாங்குங்கள் என்பார் ஒருவர். விலையுயர்ந்த கம்பி வாங்குங்கள் என்பார் மற்றொருவர். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக எஞ்சும் பணத்தை எதில் செலவிடுவது? இதற்கு விடை காண வேண்டுமாயின், கணினிக்குள் இசை எந்த உருவில் இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கணினிக்குள் இசை எண்களாகவே இருக்கிறது. 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒலியலையின் உயரம் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இவ்வாறு துண்டு துண்டாக அளந்தால் கமகத்தின் குழைவு இடையிடையே அறுந்து போகாதோ என்று சங்கீதம் அறிந்தவர்கள் ஐயுறுவது இயல்பே. அந்த அச்சம் தேவையில்லை. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் உணர்வதில்லை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால், இடைப்பட்ட வளைவு முழுவதையும் மீட்டுவிடலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகிய அறிஞர்கள் நிறுவிய உண்மை. ஆதலால் எண்ணாக மாறியதனாலேயே கமகம் குறைவுபடுவதில்லை.

ஆனால் எண்கள் செவியில் விழா. அவற்றை மீண்டும் மின்னலையாக மாற்றித் தரும் உறுப்பு ஒன்று வேண்டும். ‘டாக்’ என்று கடைகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் மாற்றி அதுவே. 1987-இல் வந்த ஆட்லிப், 1989-இல் வந்த சவுண்டு பிளாஸ்டர் ஆகியவை கணினிக்குள் தனியே செருகும் ஒலி அட்டைகளாக இருந்தன. 1997-இல் இன்டெல் நிறுவனம் ஒரு பொது முறையை வகுத்த பிறகு, அவ்வேலை படிப்படியாகக் கணினியின் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்ட சிறு சில்லுக்குப் போயிற்று. இன்று பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் தனி ஒலி அட்டை கிடையாது.

இங்கே ஓர் உவமை நமக்குத் துணை செய்யும். ஒரு கடிதத்தை எழுத்துக்கு எழுத்து படி எடுப்பவர் ஒருவர். அதை வேறு மொழியில் பெயர்ப்பவர் மற்றொருவர். படி எடுப்பவர் பிழை செய்தால் எழுத்து மாறும் அல்லது விடுபடும். நடையின் அழகு சற்றே மங்குவது என்பது அவர் வேலையில் இல்லை. மொழிபெயர்ப்பாளரிடத்திலோ, அவரது திறமைக்கும் அவர் அமர்ந்திருக்கும் அறையின் அமைதிக்கும் ஏற்பப் பயன் வேறுபடும். இலக்கக் கம்பிகள் யாவும் படி எடுப்பவை. மாற்றியே மொழிபெயர்ப்பாளர்.

தாய்ப்பலகையிலுள்ள சில்லு திறமையற்றது அன்று. அதற்கு வாய்த்த அறைதான் சந்தடி மிக்கது. அருகிலேயே விசிறி சுழல்கிறது. செயலி வேலை செய்யும்போதெல்லாம் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. சுண்டெலியை நகர்த்தும்போது ஹெட்போனில் ஒரு கீச்சொலி கேட்கிறதே, அது அந்தச் சந்தடியின் எதிரொலிதான். இதற்கு மருந்து, எண்களை எண்களாகவே வெளியே கொண்டுவந்து, கணினிக்குப் புறத்தே மாற்றுவதாகும்.

வெளியே கொண்டுவரும் வழிகள் சில உண்டு. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் வகுத்த முறையில் கோஆக்சியல் கம்பி மின்துடிப்பாகவும், 1983-இல் தோஷிபா நிறுவனம் கொணர்ந்த ஆப்டிகல் இழை செந்நிற ஒளியாகவும் எண்களைக் கடத்துகின்றன. தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் சுமக்கிறது. யுஎஸ்பி கம்பி யாவரும் அறிந்ததே. இவற்றுள் எது பழுதுபட்டாலும் ‘டிக்’ என்ற ஒலி கேட்கும், அல்லது பாட்டு விட்டுவிட்டு வரும், அல்லது அடியோடு நிற்கும். வீணையின் நாதம் இனிமை குறைந்து வருவதற்கு ஒழுங்காக வேலை செய்யும் இலக்கக் கம்பி காரணமாவதில்லை. எண்கள் உரிய கணத்தில் வந்து சேர வேண்டுமே என்பர் சிலர். இன்றைய யுஎஸ்பி மாற்றிகளுள் பல, தம்முள் உள்ள கடிகாரத்தின்படியே கணினியிடம் எண்களைக் கேட்டுப் பெறுகின்றன. ஆகவே பொன்முலாம் பூசிய கம்பிக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

இனி அந்த உறுமல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. கணினி ஒரு செருகியிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு செருகியிலும் தரையிணைப்புப் பெற்று, இரண்டுக்கும் இடையே ஒலிக்கம்பியும் செல்லுமானால், அந்தச் சுற்றில் மின்சாரம் ஓடி 50, 100 ஆகிய அதிர்வுகளில் உறுமல் எழுகிறது. இதை அற்பம் என்று ஒதுக்கலாகாது. அந்த உறுமலுக்கும் ஒரு நிலையான சுருதி உண்டு. பாடகரின் சுருதியோடு அது பெரும்பாலும் சேர்வதில்லை. சுருதி பிடிக்கப் பழகும் குழந்தை, தம்புராவோடு அயலான வேறொரு சுருதியையும் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தால் அதன் செவிப் பயிற்சிக்கு அது இடையூறே.

மடிக்கணினியாயின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். உறுமல் நின்றால் காரணம் தெளிவாகிவிடும். இரு கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுவதே முதல் பரிகாரம். ஒளியில் மின்சாரம் பாயாதாகையால், இரு புறமும் வசதி இருப்பின் ஆப்டிகல் இழை இந்தச் சுற்றை அறுத்துவிடும். உறுமலைப் போக்குவதற்காகச் செருகியின் தரையிணைப்பு முனையை ஒடித்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்தானது, ஒருபோதும் செய்யலாகாது.

மாற்றியால் ஆகாதவையும் உள. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் கீறலொலி அந்தப் பதிவுக்கே உரியது. மிகவும் சுருக்கிப் பதியப்பட்ட பாட்டில் இழந்ததை எந்த ஒலி அட்டையும் மீட்டுத் தராது. புளூடூத் வழியில் இசை பெரும்பாலும் மறுபடி ஒருமுறை சுருக்கப்படுகிறது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

எனவே செலவின் வரிசை இவ்வாறு அமைதல் நலம். முதலில் நல்ல ஹெட்போன் அல்லது ஸ்பீக்கர். ஒலியின் வேறுபாடு மிகுதியும் அங்கேதான் தோன்றுகிறது. அடுத்து, வீடு அடங்கிய இரவு வேளையில், ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டு தொடங்குவதற்கு இடைப்பட்ட அமைதியைச் செவி கொடுத்துக் கேளுங்கள். அந்த அமைதி தூயதாக இருந்தால் உங்கள் கணினியில் உள்ள சில்லே போதும்; மேற்கொண்டு ஒன்றும் வாங்க வேண்டாம். இரைச்சல் கேட்டால் மட்டும், தீப்பெட்டியளவேயான ஒரு யுஎஸ்பி மாற்றியை வாங்கலாம். கம்பிக்கு இப்பட்டியலில் கடைசி இடம்.

இவ்வாறு மிச்சமாகும் பணத்துக்கு நம் வீடுகளில் வேலை உண்டு. ஊரில் நடக்கும் கச்சேரி ஒன்றுக்கு அனுமதிச் சீட்டு வாங்கலாம். குழந்தையின் பாட்டு ஆசிரியருக்கு இன்னொரு மாதத்துச் சம்பளமாகவும் அதைக் கொடுக்கலாம்.