யார் ஓட்டியது?

(தவக்காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



வேகமாகப் போகிற வண்டியைப் பிடிக்க இப்போதெல்லாம் சாலையில் ஆள் நிற்க வேண்டியதில்லை. கம்பத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அது படம் எடுத்துக்கொள்கிறது. சில நாளில் நம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. வண்டி எண், நாள், நேரம், கட்ட வேண்டிய தொகை எல்லாம் அதில் இருக்கும். இ-செலான் என்கிறோம். அது வந்தவுடன் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி எது? ஏன் இவ்வளவு வேகமாகப் போனோம் என்று நாம் கேட்பதில்லை. "அன்னைக்கு வண்டியை எடுத்துட்டுப் போனது யாரு?" என்றுதான் கேட்கிறோம். அப்பா மகனைப் பார்ப்பார். மகன் மாமாவின் பெயரைச் சொல்வான். மாமா ஊரில் இருக்கமாட்டார்.

யார் ஓட்டியது என்ற அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு அளவுக்கு மீறிய வேகத்தைப் பற்றியது. 2019ஆம் ஆண்டில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி கார் போன்ற இலகுரக வண்டிக்கு 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். லாரி, பஸ் போன்றவற்றுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. மறுபடியும் பிடிபட்டால் லைசென்ஸையே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் பொறுப்பு. அவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பாசத்தோடு சாவியை எடுத்துக் கொடுக்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

ஆனால் சாதாரணமாக நமக்கு வருவது ஆயிரம் ரூபாய் செலான். ஆயிரம் ரூபாய் பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அதைச் சம்பாதித்துவிடலாம். அதைக் கட்டாமல் தப்பிப்பதற்காக நாம் கொடுக்கிற விலைதான் சில நேரங்களில் சம்பாதிக்க முடியாததாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்ததைக் கேளுங்கள். மார்க்கஸ் ஐன்ஃபீல்ட் என்பவர் அந்த நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனித உரிமை ஆணையத்தின் முதல் தலைவராகவும் இருந்தவர். நாடே மதித்த மனிதர். 2006 ஜனவரி 8ஆம் நாள், 50 கிலோமீட்டர் வேகம் மட்டுமே அனுமதித்த சாலையில் அவருடைய கார் 60இல் போனது. கேமராவில் பதிவானது. அபராதம் 77 டாலர். கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, அன்று காரை ஓட்டியது தான் இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியைத் தோழிதான் என்றார். நீதிமன்றமும் நம்பியது. வழக்கு தள்ளுபடியானது.

பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தப் பேராசிரியையைத் தேடினார். அந்த அம்மா 2003ஆம் ஆண்டிலேயே இறந்துபோனவர். அதாவது கார் படம் பிடிக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே. எப்படி இறந்தார் தெரியுமா? அமெரிக்காவில் ஒரு வண்டி அவரை மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. சாலையில் அடிபட்டு இறந்த ஒரு பெண்ணின் பெயரைத்தான் அவர் தன் வேகத்துக்குச் சாக்காகச் சொல்லியிருந்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் இன்னும் பல பொய்கள் சொன்னார். 2009 மார்ச் மாதத்தில் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. எழுபது வயதில், தான் தீர்ப்புச் சொன்ன நாட்டிலேயே கைதியாகச் சிறைக்குள் போனார். பட்டமும் போனது, பெயரும் போனது. எல்லாம் 77 டாலருக்காக.

நேயர்களே, அவரை எள்ளி நகையாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தண்டனையை அவர் அனுபவித்து முடித்துவிட்டார். அவர் செய்தது நமக்குப் புதியதா என்பதுதான் கேள்வி. தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் தோட்டத்தில் கேட்டபோது ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான். ஏவாள் பாம்பைக் கைகாட்டினாள். பழத்தைத் தின்றதோடு பாவம் நிற்கவில்லை. மரங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டதும், கூட இருந்தவள் மேல் பழியைப் போட்டதும் அதைத் தொடர்ந்து வந்தன. 'வண்டி ஓட்டியது நான் இல்லை' என்று முதலில் சொன்னது நம் முதல் தந்தைதான்!

இதைச் சொல்கிற குருக்களாகிய நாங்களும் இந்தப் பாவத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூன்று குருக்கள் ஒரு திருவிழாப் பூசைக்காகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். பங்கு இளைஞர் ஒருவர் வண்டி ஓட்டினார். நேரமாகிவிட்டது. "கொஞ்சம் அமுக்குப்பா, கொடியேற்றத்துக்குப் போயாகணும்" என்று அவரை விரட்டியது நாங்கள்தான். நெடுஞ்சாலையில் போலீஸார் கைகாட்டி நிறுத்தினார்கள். ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். எங்கள் வெள்ளை அங்கியைப் பார்த்தார். "சாமிமாரா? சரி, பாத்துப் போங்க" என்று விட்டுவிட்டார். கோவிலுக்குப் போய்ச் சேர்ந்து, உணவு மேசையில் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

திரும்பி வரும்போது அந்த இளைஞர் சொன்னார்: "சாமி, நீங்க கூட இருந்தா எவ்வளவு வேகமாப் போனாலும் ஒண்ணும் கேட்கமாட்டாங்க." அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எங்களால் பதில் பேச முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய ஞாயிறு அவருடைய தாய் பூசை முடிந்து எங்களிடம் வந்து, "சாமி, இந்தப் பயல் வண்டியை எடுத்தா பறக்குறான். நான் சொன்னா கேட்கமாட்டேங்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். ஒரு தாய் நம்பி ஒப்படைத்த பிள்ளைக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது என்ன? திருப்பலிக்கு உடுத்துகிற அங்கியை வைத்துச் சட்டத்திலிருந்து தப்பலாம் என்பதை.

அந்தப் பிள்ளையிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் எங்கள் பங்கு இல்லத்து வண்டியில் ஒரு வழக்கம் இருக்கிறது. நேரமாகிவிட்டால் போகிற கோவிலுக்குப் போன் செய்து, தாமதமாக வருகிறோம் என்று சொல்லிவிடுவோம். மக்கள் இன்னும் ஒரு ஜெபமாலை சொல்லிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்பானவர்களே, பிடிபடுவதை நாம் துரதிர்ஷ்டம் என்று நினைக்கிறோம். 'இன்னைக்கு முழிச்ச முகம் சரியில்லை' என்கிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் தாண்டுகிறது. குறுக்கே ஒரு குழந்தை வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகும். அந்த 22 மீட்டரில் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகிறது. நாம் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தார்கள். அந்த ஆண்டு மிக அதிகமான விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு. நம் பங்கின் கல்லறைத் தோட்டத்திலும் அப்படிப்பட்ட சில சிலுவைகள் நிற்கின்றன. அவற்றின் முன்னால் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிற பெற்றோர் நம்மோடு அமர்ந்துதான் பூசை காண்கிறார்கள்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஆயிரம் ரூபாய் செலான் என்ன? ஒரு பிள்ளையைக் கொன்றுவிடுவதற்கு முன்பே நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. யாரும் சாகாமல், யாருக்கும் கால் போகாமல், வெறும் பணத்தோடு முடிந்த ஒரு பாடம். தாவீது அரசன் உரியாவின் மனைவியிடம் தவறினான், மறைக்கப் பார்த்தான், முடியாதபோது உரியாவையே கொல்லச் செய்தான். அதற்குப் பிறகு இறைவாக்கினர் நாத்தான் வந்து அவன் முகத்துக்கு நேராகக் குற்றத்தை எடுத்துச் சொன்னார். அன்று தாவீது ஒரு சாக்கும் சொல்லவில்லை. நான் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். அவன் பிடிபட்டதால்தான் திரும்பி வந்தான். நாத்தான் வராமல் போயிருந்தால் அவன் அரியணையில் இருந்தபடியே அழிந்திருப்பான்.

நம் திருச்சபை இதைச் சின்ன விஷயமாக எண்ணவில்லை. வேகத்தின் மேல் உள்ள மோகத்தால் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறவர் பாரமான குற்றத்துக்கு ஆளாகிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2290ஆம் எண்ணில் கற்பிக்கிறது. விபத்து நடந்தால்தான் குற்றம் என்று அது சொல்லவில்லை. ஆபத்துக்கு உள்ளாக்குவதே குற்றம் என்கிறது. 2007ஆம் ஆண்டில் வத்திக்கான் வாகனம் ஓட்டுவோருக்கென்றே பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. கொலை செய்யாதே என்பதுதான் அதிலும் முதல் கட்டளை. அவற்றுள் இன்னொன்று, விபத்துக்குக் காரணமானவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஏற்ற நேரத்தில் சந்திக்க வைத்து, மன்னிப்பின் விடுதலையை அவர்கள் உணரச் செய்ய வேண்டும் என்கிறது. மன்னிப்பு உண்டு, நேயர்களே. ஆனால் 'ஓட்டியது நான்தான்' என்று சொல்கிறவருக்குத்தான் அந்த மன்னிப்பு போய்ச் சேரும்.

ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் நாம் மார்பில் தட்டிக்கொண்டு பாவத்தை அறிக்கையிடுகிறோம். யாருடைய மார்பில் தட்டுகிறோம்? நம்முடைய மார்பில்தான். அந்தச் செபத்தில் மகன் பெயரும் இல்லை, மாமா பெயரும் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் அப்படித்தான். அங்கே மனைவியின் குற்றத்தையும் மருமகளின் குற்றத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டு நாங்கள் என்ன பாவப்பொறுத்தல் கொடுக்க முடியும்?

சக்கேயுவை நினைத்துக்கொள்வோம். எரிகோவில் அவனுக்கு யாரும் செலான் அனுப்பவில்லை. இயேசு அவன் வீட்டுக்கு வந்தார், அவ்வளவுதான். அவனே எழுந்து நின்று, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். தன் அபராதத்தைத் தானே விதித்துக்கொண்டான். அன்று அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் நாம் மூன்று காரியங்கள் செய்வோம். கட்டாமல் கிடக்கிற செலான் இருந்தால், பேரம் பேசாமல், ஆள் பிடிக்காமல் கட்டிவிடுவோம். யாராவது ஒருவர் நம்முடைய தவறைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டிருந்தால், அவரிடம் போய் உண்மையைச் சொல்லுவோம். மூன்றாவது, பிள்ளைகள் முன்னிலையில் நாம் பிடிபடும்போது, "ஆமா, நான்தான் ஓட்டினேன், தப்பு என்னோடதுதான்" என்று சொல்லுவோம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வளர்கிற பிள்ளை நாளைக்குப் பெரிய தவறு செய்தாலும் நம்மிடம் வந்து ஒளிக்காமல் சொல்லும். அந்தப் பாதுகாப்பை எந்த ஹெல்மெட்டும் கொடுக்காது.

வழியும் உண்மையும் வாழ்வுமான ஆண்டவரே, எங்கள் சாலைகளில் எங்களோடு வாரும். எங்கள் அவசரத்தை அடக்கும். பிடிபடும்போது ஒளிந்துகொள்ளாமல் உம் முன்னால் வந்து நிற்கிற துணிவைத் தாரும். சாலையில் உயிரிழந்த எங்கள் சகோதர சகோதரிகளுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். ஆமென்.