குழந்தையின் கண்ணும் ஓர் அமானிதமே

 

பசித்தால் குழந்தை அழும். பார்வை மங்கினால் அழாது. ஆகவே, அதன் கண்களைக் கவனிப்பது நம்மீதுள்ள கடமையாகும்.

கண்மணியில் வெண்மை தென்பட்டால் தாமதிக்காதீர்கள். அது பிறவிக் கண்புரையாகவோ, உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். பார்வையை மறைக்கும் பிறவிக் கண்புரைக்கு முதல் 6 முதல் 8 வாரங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே சிறந்தது. மூன்று மாதமாகியும் தாயின் முகத்தை நோக்காத குழந்தையையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்பது வீண் நம்பிக்கை. மூளை அக்கண்ணைப் புறக்கணிப்பதால் பார்வை குன்றிவிடும். 7 வயதுக்கு முன் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் மீட்கலாம், பிந்தினால் கடினம்.

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிடின் அன்றைய சம்பளம் இல்லை. அதனாலேயே கிளினிக் பயணம் தள்ளிப்போகிறது. அந்தச் சம்பளத்தைப் பிறகும் உழைக்கலாம். கடந்துபோன வாரங்களைக் குழந்தையின் கண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க இயலாது.

குடும்பநல உத்தியோகத்தர் வரும்போது, குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டைக் காட்டிப் பார்வை பற்றிக் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இளைஞர்களே, தாய் கொழுந்து பறிக்கச் சென்றிருந்தால், தம்பி தங்கையரை நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். லயத்தில் வாழும் அயலவருக்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் மழலைகளின் பார்வையைப் பாதுகாப்பானாக! ஆமீன்.